கற்குவையும் கலப்பையும்

சிந்தாதிரிப்பேட்டைவாசிகளுக்குத் தங்கள் பேட்டையின் பழமையில் சற்றுப் பெருமை உண்டு. 1734ஆம் ஆண்டில் ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்ற கவர்னர், கூவம் ஆறு வளைந்து ஓடும் இடத்திலிருந்த ஒரு தோட்டத்தில் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றி உண்டாக்கிய ஊர் இது. கும்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது. நெசவாளருக்கு நிழல் வேண்டியிருந்தது. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே நாளடைவில் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். "முந்நூறு வருஷத்துப் பேட்டை, ஸார்!" என்று எங்கள் தெருக்காரர்கள் சொல்லும்போது மாம்பலத்துக்காரர்களும் அடையாற்றுக்காரர்களும் வாயடைத்துப் போவது வழக்கம்.

ஆனால் இந்தப் பெருமைக்கு ஒரு மாற்று மருந்தும் பக்கத்திலேயே இருக்கிறது. கூவத்தின் பாலத்தைத் தாண்டி எழும்பூர்ப் பக்கம் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் அரசாங்க மியூசியம். அங்கே பல்லாவரத்துக் குன்றிலிருந்து எடுத்துவந்த சுட்டமண் பேழை ஒன்று இருக்கிறது. 1880களின் இறுதியில் அலெக்ஸாண்டர் ரீ என்ற தொல்பொருள் அதிகாரி கண்டெடுத்தது. பார்ப்பதற்கு நீளமான தொட்டி மாதிரி இருக்கும். அடியிலே வரிசையாகக் குட்டைக் குட்டைக் கால்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியோ என்று கூடத் தோன்றும். இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்னே, இறந்துபோன மனிதரின் எலும்புகளைச் சேகரித்து வைப்பதற்காக ஒரு குயவன் வனைந்த பேழை அது. அதன் எதிரில் நின்றால் நம் முந்நூறு வருஷம் நேற்றுச் சாயங்காலம் மாதிரி ஆகிவிடுகிறது.

இது ஏதோ பல்லாவரத்துக்கு மட்டும் வாய்த்த அதிசயம் என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜனங்கள் இப்போது கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுகிறார்கள். 2023 டிசம்பர் 30ந் தேதி திறந்த அந்தப் பிரம்மாண்டமான பஸ் நிலையத்தின் அருகிலேயே, மத்தியத் தொல்லியல் துறை பாதுகாத்துவரும் பெருங்கற்காலப் புதைகாடு ஒன்று இருக்கிறது. திருச்சி பஸ்ஸையும் திண்டிவனம் பஸ்ஸையும் தேடி ஓடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்? அங்கிருந்து செங்கற்பட்டு, மதுராந்தகம் என்று போகப் போக, ஏரியும் குன்றும் சேர்ந்திருக்கும் இடங்களில் கல்வட்டங்களும் கற்குவைகளும் சிதறிக் கிடக்கின்றன.

கற்குவை என்பது என்ன? காட்டுக் கற்களை, ஆளுயரத்தில் பாதிகூட இல்லாத பாறைத் துண்டுகளை, வட்டமாக நிறுத்தியிருப்பார்கள். வட்டத்துக்குள்ளே சிறு கற்களும் சரளையும் குவித்து மேடாக்கியிருக்கும். மேட்டைத் தோண்டினால் குழி. குழிக்குள்ளே தாழியோ, கால் வைத்த மண்பேழையோ, பலகைக் கற்களை நாலு பக்கமும் நிறுத்தி மேலே மூடுகல் போட்ட கல்லறையோ இருக்கும். அதற்குள் எலும்புகள். பெரும்பாலும் முழு உடலை வைத்ததில்லை. வேறெங்கோ உடலைக் கிடத்திச் சதை போன பிறகு, எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கிவந்து அடக்கம் செய்தார்கள். கூடவே உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான வழவழப்பான கிண்ணங்கள், கத்தி, ஈட்டி, கோடரி முதலிய இரும்புச் சாமான்கள், சில இடங்களில் மணிகள்.

ஊர் ஜனங்கள் இவற்றுக்குத் தாங்களாகவே சரித்திரம் எழுதிக்கொண்டார்கள். வனவாசத்தில் பாண்டவர்கள் தங்கிய இடம் என்று சில ஊர்களில் 'பாண்டவர் குழி' என்பார்கள். தென்பாண்டி நாட்டில் வேறு கதை. அந்தக் காலத்தில் கிழவர்களுக்குச் சாவே வராதாம். சுருங்கிச் சுருங்கிக் கைக்குழந்தை அளவுக்கு ஆகிவிடுவார்களாம். அவர்களைத் தாழிக்குள் உட்கார வைத்து, சோறும் தண்ணீரும் வைத்து, விளக்கேற்றி மூடிவிடுவார்களாம். பாட்டிமார் சொல்லும்போது குழந்தைகளுக்குத் தூக்கம் வராது! நம் புலவர்களோ கதை கட்டாமல் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். இறந்தவர்களைச் சுடுவது, வெட்டவெளியில் இடுவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்ந்த அறைகளில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று ஐந்து வழக்கங்களும் ஒரே சுடுகாட்டில் நடந்ததை மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டக் காதை விவரிக்கிறது. கணவனை இழந்த ஒருத்தி குயவனைப் பார்த்து, தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்லும் பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. மியூசியத்துத் தாழிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்ணின் நினைவு வரும்.

இனி ஒரு கேள்வி. இந்தக் கல்லறைகளை எங்கே பார்த்தாலும் கல்லும் கரடுமான மேட்டு நிலத்தில்தான் பார்க்கிறோம். ஒரு பக்கம் குன்று, மறுபக்கம் ஏரி, ஏரிக்குக் கீழே நன்செய். புதைகாடு மட்டும் ஏரிக்கு மேலே, புல்லும் சரியாக முளைக்காத சரளைத் தரையில். ஏன் இப்படி?

இதைக் கூர்ந்து கவனித்துச் சொன்னவர் வி. டி. கிருஷ்ணசாமி என்ற தொல்பொருள் அறிஞர். தென்னாட்டுப் பெருங்கற்சின்னங்களை வகைப்படுத்தி 1949ல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்கு அரிச்சுவடி. விளைகிற பூமியில் ஒரு சாண்கூட வீணாக்கக் கூடாது என்று நினைத்தவர்கள், விளையாத பூமியாகப் பார்த்துத் தங்கள் இறந்தோருக்கு ஒதுக்கினார்கள். ஏரி கட்டி நீர் பாய்ச்சும் வித்தையை இந்த நாட்டில் பரப்பியவர்களே இவர்களாக இருக்கலாம் என்றும் அவர் ஊகித்தார். எந்தெந்த ஏரி எந்தெந்தக் காலத்தது என்பது தனி ஆராய்ச்சி. ஆனால் அவர்கள் உழவர்கள் என்பதற்குச் சாட்சி குறைவில்லை. ஆதிச்சநல்லூரில் ரீ தோண்டியபோது தாழிகளோடு நெல் உமியும் தினையும் கிடைத்தன. சிவகளையில் ஒரு தாழியில் இருந்த நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் சோதித்ததில் அதற்குச் சுமார் 3,200 வயது என்று தெரிந்ததாகத் தமிழக அரசு 2021ல் அறிவித்தது. போகிற பிரயாணத்துக்கு நெல்லைக் கட்டிக் கொடுத்தனுப்பிய ஜனங்கள் உழவர்களாக இல்லாமல் வேறு யாராக இருப்பார்கள்?

ஆக, விளைநிலத்தை உயிரோடிருப்பவர்களுக்கு விட்டுக் கொடுத்து, களர் நிலத்தைத் தங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள் நம் முன்னோர். அந்த ஏற்பாடு இரண்டாயிரம், மூவாயிரம் வருஷங்கள் நிலைத்து நின்றது. பல்லவர் வந்தார், சோழர் வந்தார், நவாபு வந்தார், கும்பெனி வந்தது. ஒருவரும் அந்தக் கற்களை ஒன்றும் செய்யவில்லை. பக்தியினாலோ பயத்தினாலோ என்று சொல்லிவிட முடியாது. அந்த மண்ணில் ஏர் ஓட்டிப் பிரயோசனமில்லை என்பதே முக்கியமான காரணம். மாடு மேய்ந்தது, ஆடு மேய்ந்தது, பிள்ளைகள் கல்மேல் ஏறிக் குதித்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஏற்பாடு குலைந்தது நம் காலத்தில். ஆழ்குழாய்க் கிணறு வந்தது. ஏரித் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. மோட்டார் இறைத்த தண்ணீர் எந்த மேட்டுக்கும் ஏறும். 1990களில் உழவருக்கு மின்சாரமும் இலவசமாகக் கிடைத்துவந்தது. பிறகு டிராக்டர். நாட்டுக் கலப்பை ஒரு சாண் ஆழம்கூடக் கீறாது. கல் தட்டினால் உழவன் மேழியைத் தூக்கி ஒதுங்கிப் போய்விடுவான். டிராக்டர் ஓரடி ஆழத்தைப் புரட்டும். அதற்கும் அசையாத கல்லை ஜே.சி.பி. யந்திரம் ஒரே மூச்சில் பெயர்த்து வரப்பில் எறிந்துவிடும். மூவாயிரம் வருஷம் தரிசாகக் கிடந்த நிலம் நாலே நாளில் கழனியாகிறது.

அதைப் பார்க்க வேண்டுமென்றே சென்ற வருஷம் மாசி மாதத்தில் ஒரு நாள் மதுராந்தகம் பக்கத்து கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் சரித்திரம் போதிக்கும் நண்பர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். கிராமத்தின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கல்லறை என்று எழுதினால் புதையல் என்று படிக்கிறவர்கள் நாட்டில் அதிகம்; அமாவாசை இரவில் கடப்பாரையோடு போய்விடுவார்கள்.

ஏரிக்கரையின் மேலேயே நடந்து குன்றின் அடிவாரத்துக்குப் போனோம். சரிவின் மேல்பகுதியில் வட்டங்கள் முழுசாக இருந்தன. சில இடங்களில் காரைச் செடியும் கள்ளியும் மண்டி, கற்கள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. சரிவில் இறங்க இறங்க நிலத்தின் நிறம் மாறிற்று. சரளை போய்ச் செம்மண் வந்தது. செம்மண்ணிலே பச்சைப் பசேலென்று வேர்க்கடலைச் செடி. கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சிதான், சந்தேகமில்லை.

அந்தக் கொல்லையின் விளிம்பில் நாங்கள் தேடிவந்தது இருந்தது. ஒரு கல்வட்டத்தின் பாதி கரட்டுக்குள்ளும் பாதி கொல்லைக்குள்ளும் அகப்பட்டிருந்தது. கரட்டுப் பக்கம் ஏழு கற்கள் பிறைச்சந்திரன் மாதிரி நின்றன. கொல்லைப் பக்கத்துக் கற்கள் வேலியோரம் குவிந்து கிடந்தன. யந்திரத்தின் பல் பட்ட இடம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. நடுவிலிருந்த குவை தரைமட்டம். உழவுசாலில் குனிந்து பார்த்தால் செடிகளுக்கு இடையே ஓடுகள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. கையில் எடுத்துத் துடைத்தால் இன்னும் பளபளக்கிறது! கொஞ்சம் தள்ளி, விரல் மொத்தத்தில் கனமான ஓட்டுத் துண்டுகள். அவற்றோடு குட்டையாக, உருண்டையாக, உள்ளே துளையோடு ஒன்று. நண்பர் அதைத் தொடாமல் உற்றுப் பார்த்தார். "பேழையின் கால்" என்றார். எழும்பூரில் கண்ணாடிக்குள்ளே பார்த்த அதே கால், இங்கே வேர்க்கடலைச் செடிக்கு அண்டைக் கட்டிக்கொண்டிருந்தது.

இதற்குள் கொல்லைக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார். அறுபது வயதிருக்கும். தலையில் துண்டு, கையில் மண்வெட்டி.

"யாருங்க? சர்வேக்காரங்களா?" என்று எட்ட இருந்தபடியே கேட்டார்.

சர்வேக்காரர்கள் இல்லை, கல்லைப் பார்க்க வந்தோம் என்று சொன்ன பிறகும் அவர் முகத்தில் தெளிவு வரவில்லை. வெகுநேரம் மழையைப் பற்றியும் காட்டுப்பன்றியைப் பற்றியும் பேசிய பிறகுதான் மனம் திறந்தார்.

"எங்க தாத்தா நாள்ல இது மேய்ச்சக்காடுங்க. அப்பா பேருக்குப் பட்டா ஆச்சு. பட்டா இருந்து என்ன, தண்ணி இல்ல. நான்தான் கடன் வாங்கி போர் போட்டேன். கல்லை எடுக்காட்டி கடனை எப்படிங்க அடைக்கிறது?"

"கல்லை எடுத்தபோது உள்ளே என்ன இருந்தது?" என்று நண்பர் கேட்டார்.

"பானைதான். வண்டி ஏறினதும் நொறுங்கிப் போச்சு. துருப்பிடிச்ச இரும்பு ரெண்டு மூணு வந்துச்சு. பழைய இரும்புக்காரன்கூட வேணாம்னுட்டான்." சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "நடுவுல ஒரு பெரிய கல்லு பாத்தீங்களா? அத மட்டும் எடுக்கலீங்க. அம்மா வேணாம்னுச்சு. வருஷா வருஷம் அதுகிட்ட கற்பூரம் கொளுத்திட்டுத்தான் ஓட்ட ஆரம்பிப்போம். யாரா இருந்தாலும் பெரியவங்கதானே?" என்றார்.

விடைபெறும்போது எங்களோடு வரப்பு வரையில் நடந்துவந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஐயா, இத வெளிய சொன்னா நெலத்தைப் புடுங்கிக்குவாங்களா?"

இந்த மனிதரை எப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது? அவர் கையிலிருந்த மண்வெட்டி இரும்பு. இந்த நாட்டில் இரும்பைப் பயிர்த்தொழிலுக்கு வசப்படுத்தியவர்கள் அந்தக் கல்லுக்குக் கீழே கிடந்தவர்கள். அவர் நம்பியிருப்பது தண்ணீரை. அவர்களும் தண்ணீரைத் தேடி வந்து ஏரியோரம் குடியிருந்தவர்கள். வாரிசின் கலப்பை மூதாதையின் படுக்கைமேல் ஏறிவிட்டது; விஷயம் அவ்வளவுதான். இருந்தாலும் நஷ்டம் நஷ்டமே.

என்ன நஷ்டம்? ஓடுகள்தான் கொல்லையில் கிடக்கின்றனவே, பொறுக்கிக் கொள்ளலாமே என்று கேட்கலாம். புத்தகத்தின் பக்கங்களையெல்லாம் கிழித்து எழுத்தெழுத்தாக வெட்டிக் கோணிப்பையில் போட்டுக் கொடுத்தால், எழுத்து ஒன்றுகூடக் குறையவில்லை என்று திருப்திப்பட முடியுமா? எது எதன்மேல் இருந்தது, எந்தக் கிண்ணம் தலைமாட்டில், எந்தக் கத்தி கால்மாட்டில் என்ற வரிசையில்தான் செய்தி இருக்கிறது. 1947ல் பிரம்மகிரியில் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, கல்லறைகளையும் பக்கத்துக் குடியிருப்பின் மண்ணடுக்குகளையும் ஒப்பிட்டுத்தான் தென்னாட்டுப் பெருங்கற்காலத்துக்கு முதன்முதலாக ஒரு கால வரிசை கொடுத்தார். மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள சாணூரில் என். ஆர். பானர்ஜியும் கே. வி. சௌந்தரராஜனும் 1950லும் 1952லும் தோண்டினார்கள். பானர்ஜி 1955ல் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த அமிர்தமங்கலத்தில் தாழிகளைத் தோண்டினார். இந்தப் பிரதேசத்துப் பூர்வகுடிகளைப் பற்றி நாம் உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் பெரும்பகுதி இப்படி நிதானமாகத் திறந்த ஒருசில கல்லறைகள் சொன்னது.

வீலர் போட்ட கணக்கும் பிறகு பின்னால் நகர்ந்துகொண்டே போயிற்று. தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, சிவகளையில் கிடைத்த மாதிரிகளை வைத்து, இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரையில் கொண்டுபோகிறது. அறிஞர்கள் இதைப் பற்றி விவாதிக்கிறார்கள், விவாதிக்கட்டும். அந்த விவாதத்துக்கே ஆதாரம், கலையாத தாழிக்குள்ளோ அதன் அருகிலோ கிடந்த ஒரு பிடி கரியும் ஒரு துண்டு ஓடுந்தான். நான் பார்த்த கொல்லையில் டிராக்டர் சக்கரத்தின் கீழ் நொறுங்கிய பானையில் என்ன இருந்ததோ, அது எந்த விவாதத்துக்கும் இனி வராது.

இந்தத் தகராறு நமக்கு மட்டும் உள்ளதல்ல. இங்கிலாந்தில் ஏவ்பரி என்ற கிராமத்தைச் சுற்றி உலகப் புகழ்பெற்ற பெரிய கல்வட்டம் ஒன்று இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த ஊர்க் குடியானவர்கள், நிலத்தைச் சீர்திருத்தவும் வீடு கட்டவும், கல்லைச் சுற்றி வைக்கோலைப் போட்டுக் கொளுத்தி, காய்ந்த கல்லில் தண்ணீரை ஊற்றி, சம்மட்டியால் பிளந்தார்கள். வில்லியம் ஸ்டூக்லி என்பவர் பக்கத்தில் நின்று வயிறெரிய அதை எழுதிவைத்தார். அவரால் தடுக்க முடியவில்லை. 1870களில் ஜான் லப்பக் என்ற பணக்காரர் அங்கே நிலத்தை விலைக்கு வாங்கியே மிச்சத்தைக் காப்பாற்றினார். அவருடைய முயற்சியால்தான் 1882ல் பிரிட்டனில் முதல் புராதனச் சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரு லப்பக் கிடைப்பாரா? மதுராந்தகத்தில் நிலம் வாங்குகிறவர்கள் மனைப்பிரிவு போடுவதற்கல்லவா வாங்குகிறார்கள்!

சட்டம் நம்மிடமும் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்துவது குற்றம். 2010ல் செய்த திருத்தப்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டமோ, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமான புதையல் அகப்பட்டால் கலெக்டருக்கு எழுத வேண்டுமென்கிறது. துருப்பிடித்த ஈட்டியைப் பத்து ரூபாய் பெறும் என்று எந்தக் குடியானவன் நினைப்பான்? மேலும், சட்டத்தைப் பற்றி அவன் காதில் விழுந்திருப்பது ஒன்றே ஒன்றுதான்: 'சர்க்காருக்குத் தெரிந்தால் நிலம் போய்விடும்.' ஆகவே தெரிவதற்கு முன்னால் இரவோடிரவாகக் கல்லைப் பெயர்த்துவிடுகிறான். காப்பாற்ற வந்த சட்டமே கல்லுக்கு எமனாகி நிற்கிற விந்தை இது.

இந்தப் பயம் போக வேண்டும். ஒவ்வொரு கல்வட்டத்தையும் சர்க்கார் வேலி போட்டுக் காவல் காப்பது நடக்கிற காரியமல்ல. ஆனால் எந்தக் கிராமத்தில் எந்தப் புல எண்ணில் கற்குவை இருக்கிறது என்று வருவாய்க் கணக்கிலேயே ஒரு வரி எழுதி வைக்கலாம். உழுவதற்கு முன்னால் ஒரு தகவல் சொன்னால் போதும், பத்து நாளில் ஆள் வந்து அளந்து, படமெடுத்து, தோண்டவேண்டியதைத் தோண்டிக்கொண்டு போய்விடுவார்கள், நிலம் உன்னுடையதே என்று உழவருக்கு உறுதி கொடுக்கலாம். வட்டத்தை உழாமல் விட்டுவைத்தால், அந்த ஐந்தாறு சென்ட்டுக்கு வருஷா வருஷம் ஒரு தொகை கொடுத்தால்கூடக் கஜானா காலியாகிவிடாது. உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே அழைத்துப் போய்க் காட்டினால், காவலுக்கு அவர்களே போதும்.

ஆதிச்சநல்லூரில் 114 ஏக்கர் மேட்டு நிலம் இன்னமும் மிஞ்சியிருக்கிறது. 2023ல் அங்கே தாழிகளைத் தோண்டிய இடத்திலேயே, கண்ணாடித் தளத்துக்குக் கீழே பார்க்கும்படி காட்சிசாலை திறந்திருக்கிறார்கள். எல்லா ஊரிலும் கண்ணாடித் தளம் போட வேண்டியதில்லை. கற்பூரம் கொளுத்துகிற கை இன்னும் இருக்கிறது. நிலம் போகாது என்று அந்தக் கைக்கு யாராவது எழுதிக் கொடுத்தால், மிச்சமிருக்கும் வட்டங்களை அதுவே காப்பாற்றிவிடும். நல்ல நிலத்தையெல்லாம் நமக்கு விட்டுவிட்டுக் கரட்டில் போய்ப் படுத்தவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனில் வட்டியாவது அப்போது அடையும்.